வெள்ளியைப் பார்த்தீர்கள், கல்லைப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் கோவா பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பசிலிக்கா என்கிற கோயிலுக்குப் போகிறவர்கள், பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் போதிக்க வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் இருக்கிற வெள்ளிப் பேழையைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். நாயக்கர் காலத் தூண்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் குடும்பத்தோடு கோவா போய் வந்தோம். பாம் ஜீசஸ் பசிலிக்காவில் பேழைக்குக் கீழே உயரமாகக் கல்லில் மேடை மாதிரி இருந்ததைப் பார்த்தோம், கூட்டத்தில் நின்று பார்க்க முடியவில்லை. கூட வந்த வழிகாட்டி அது போர்ச்சுகல் ராஜா கட்டிய கல்லறை என்றார். என் கணவர் இல்லை, இத்தாலிக்காரர்கள் செய்தது என்கிறார். யார் சொல்வது சரி? - வாசகி, தூத்துக்குடி

உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார் அம்மா. கொடுத்தது போர்ச்சுகல் ராஜா இல்லை. இத்தாலியில் டஸ்கனி என்கிற பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ. வட்டிக்கடையில் ஆரம்பித்து நாட்டையே ஆளும் அளவுக்கு வளர்ந்த மெடிச்சி குடும்பம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தக் குடும்பத்தில் கடைசிக்கு முந்தைய பெரிய பிரபு இவர். 1670 முதல் 1723 வரை ஆண்டவர், பக்தி கொஞ்சம் அதிகமாகவே உள்ளவர்.

இவர் எதற்குக் கோவாவுக்குக் கல் அனுப்பினார்? ஒரு தலையணைக்காக. சவேரியாரின் உடலுக்குத் தலைமாட்டில் இருந்த தலையணையை, கோவாவிலிருந்து ஐரோப்பா போன சேசு சபைப் பாதிரியார் (சவேரியாரும் இருந்த கத்தோலிக்கத் துறவற சபை அது) ஒருவர் பிரபுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பதில் மரியாதையாகத்தான் இவ்வளவும். நம் ஊரில் கோயில் பட்டுப் பரிவட்டம் கட்டியதற்கு ஜமீன்தார் தேர் செய்து கொடுத்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையணை எங்கே, இந்த மலை எங்கே என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

வேலையைச் செய்தவர் ஜொவான்னி பத்திஸ்தா ஃபோஜ்ஜினி, 1652இல் பிறந்த புளோரன்ஸ் சிற்பி, மெடிச்சி அரண்மனைச் சிற்பி. சுமார் பத்து ஆண்டு அவருடைய பட்டறையில் வேலை நடந்தது. செய்து முடித்ததைத் துண்டு துண்டாகக் கழற்றி, பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள், கூடவே திரும்பப் பூட்டத் தெரிந்த ஆளாகப் பிளாசிதோ ராம்போனி என்பவரை அனுப்பினார்கள். சூயஸ் கால்வாய் எல்லாம் கிடையாத காலம், லிஸ்பன் போய் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். 1698இல் கோவா வந்து சேர்ந்து அதே ஆண்டு முடிவதற்குள் பூட்டி நிறுத்திவிட்டார்.

எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான். பணம் கொடுத்த பிரபு கோவாவைப் பார்த்ததில்லை. செதுக்கிய ஃபோஜ்ஜினியும் பார்த்ததில்லை, எந்தச் சுவரோரம் நிற்கப் போகிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று தெரியாமலே பத்து வருடம் உளி பிடித்திருக்கிறார். கோவாவில் அதைத் தினமும் பார்க்கப் போகிறவர்களுக்கோ புளோரன்ஸ் எங்கிருக்கிறது என்றே தெரியாது. இந்த வேலையில் கை வைத்தவர்களில் இரண்டு முனையையும் கண்ணால் பார்த்தவர்கள் ராம்போனியும் கூட வந்த உதவியாளும்தான்.

இன்னொன்று, அது கல்லறையா என்றால் அதுவும் முழுக்கச் சரியில்லை. அந்தக் கல்லுக்குள் யாரும் இல்லை. உடல் இருப்பது மேலே, வெள்ளிப் பேழைக்குள். கீழே இருப்பது பேழையைத் தூக்கி வைக்கச் செய்த பீடம்.

கேள்வி: அது ஒரே கல்லா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரே பளிங்கைக் குடைந்தது என்று அடித்துச் சொல்கிறார். - வாசகர், திருச்செந்தூர்

ஒரே கல்லாக இருந்திருந்தால் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருக்க முடியுமா ஐயா? பல கல். வெள்ளைப் பளிங்கு ஒன்று, ஜாஸ்பர் என்கிற செம்பழுப்பும் ஊதாவும் கலந்த கல் ஒன்று, தேவதூதர் தலைகளுக்கு அலபாஸ்டர் என்கிற, மெழுகு போலத் தோன்றும் மென்மையான வெண்கல்.

மூன்று அடுக்காக, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். தேர்த்தட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும், அடிப்பீடம், அதன் மேல் இன்னொரு பீடம், உச்சியில் சப்பரம் இருக்க வேண்டிய இடத்தில் பேழை. கீழ் அடுக்கில் நிறக்கல் பாளங்கள், நடு அடுக்கில் நான்கு பக்கமும் வெண்கலத் தகடுகள், மேல் அடுக்கில் கைப்பிடிச் சுவர் போல ஒரு கிராதி.

நான் முதல் தடவை போனபோது இதில் எதையும் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாரும் மேலே பார்த்தார்கள், நானும் மேலே பார்த்தேன், பின்னால் வந்த கூட்டம் தள்ளியதில் கழுத்து வலியோடு வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன். இரண்டாம் தடவை ஒரு வார நாள் காலையில் போனேன். பூசை முடிந்து ஆள் குறைந்திருந்த நேரம், ஒரு அம்மா வாளியை நகர்த்தி நகர்த்தித் தரை துடைத்துக்கொண்டிருந்தார், அவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்ற இடத்தில் கண்ணுக்கு நேரே ஒரு குட்டித் தேவதூதனின் முகம். கன்னம் உப்பியிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, முடிச்சுருளின் பள்ளங்களில் தூசி படிந்து நிழல் மாதிரி இருக்கிறது. தூங்கி எழுந்த குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பாருங்கள், அந்த முகம். அதைப் பார்த்த பிறகு மேலே பேழையைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

கேள்வி: வெள்ளிப் பேழையும் இத்தாலி வேலைதானா? - வாசகி, மதுரை

இல்லை, அது கோவா வேலை. அந்த ஊர்த் தட்டார்கள் செய்தது. முழுப் பெருமையும் அவர்களுக்குத்தான் போக வேண்டும், ஆனால் வழிகாட்டிகள் பல பேர் தலைகீழாகச் சொல்கிறார்கள்: கல் உள்ளூர், வெள்ளி வெளிநாடு என்று. என்னை அழைத்துப் போனவரும் அப்படித்தான் சொன்னார்.

பேழைதான் மூத்தது. 1636, 37இல் செய்தது, அதாவது கல் வருவதற்கு அறுபது வருடத்துக்கு முன்பே. அதைச் செய்யச் சொன்னவர் நேப்பிள்ஸ் ஊர்க்காரர், மார்செல்லோ மாஸ்திரிலி என்கிற சேசு சபைத் துறவி. தலையில் அடிபட்டுச் சாகக் கிடந்தவர், சவேரியார்தான் காப்பாற்றினார் என்று நம்பிக் கிளம்பிக் கோவா வந்தார், பேழைக்கு ஏற்பாடு செய்தார், அப்படியே ஜப்பான் போய் 1637 அக்டோபரில் நாகசாகியில் கொல்லப்பட்டார். பேழையைச் சுற்றிலும் சவேரியார் வாழ்க்கையை முப்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வெள்ளித் தகடுகளில் அடித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ரத்தினக் கற்களும் பதித்திருந்தது. உச்சியில் ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் இரண்டு தேவதூதர்கள். ஒருவர் கையில் எரியும் இதயம், இன்னொருவர் கையில் "போதும் ஆண்டவரே, போதும்" என்று லத்தீனில் எழுதிய பட்டயம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, பேழையை உயர்த்திக் காட்டத்தான் பிரபு பீடம் கொடுத்தார். அது உயர்ந்த உயரத்தில் அந்தத் தட்டார்கள் உட்கார்ந்து அடித்த தகடுகளில் ஒன்றைக்கூடக் கீழேயிருந்து சரியாகப் பார்க்க முடிவதில்லை. பேழை கண்ணுக்குத் தெரிகிறது, அதன் வேலை தெரிவதில்லை. எனக்கு இதில் பிரபு மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

கேள்வி: வெண்கலத் தகடுகளில் என்ன இருக்கிறது? நம் கடற்கரை அதில் உண்டா? சவேரியார் மணப்பாட்டில் குகையில் தங்கியவர் ஆயிற்றே! - வாசகர், மணப்பாடு

நான்கு தகடு, நான்கு காட்சி. ஒன்றில் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிற மலுக்குத் தீவு மக்களுக்குப் போதிக்கிறார். ஒன்றில் ஞானஸ்நானம் கொடுக்கிறார். மூன்றாவதில் மொரோ தீவில் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கடக்கிறார். நான்காவதில் சீனக் கரையோரம் சான்சியான் தீவில் இறந்து கிடக்கிறார். ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. ஞானஸ்நானத்துக்கு "உட் வீத்தாம் ஹபேயான்ட்", அவர்கள் வாழ்வு பெறும்படி. தப்பிக்கும் காட்சிக்கு "நிஹில் ஹோரும் வேரெயோர்", இவை எதற்கும் அஞ்சேன். சாவுக்கு "மாயோர் இன் ஒக்காசு", அதாவது மறையும்போது இன்னும் பெரியது. சூரியனைச் சொல்வது மாதிரி. கடற்கரையில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, அந்தி நேரத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நம் கரை என்று எந்தத் தகட்டுக்கும் தலைப்புக் கிடையாது. ஆனால் ஞானஸ்நானத் தகட்டைப் பார்க்கும்போது எனக்கு நம் கரைதான் நினைவுக்கு வந்தது, காரணம் சொல்கிறேன்.

சவேரியார் 1542 மே மாதம் கோவா வந்து இறங்கினார், அந்த ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். பரதவர்கள் அதற்குச் சில வருடம் முன்பே கிறிஸ்தவம் தழுவியிருந்தார்கள், ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் இவர் மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் ஒரு மணியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். அவருடைய தமிழ் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனாலும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தமிழை ஒழுங்காகக் கற்றது அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் என்கிற சேசு சபைப் பாதிரியார்தான்.

1544 ஜனவரியில் ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இங்கே ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துப் பல நாள் கை ஓய்ந்துவிடுகிறது என்று எழுதுகிறார். அந்தக் கை எங்கே தெரியுமா? கோவாவில் இல்லை. 1614இல் சேசு சபைத் தலைவர் கேட்டதால் வலது முன்கையை மட்டும் எடுத்து ரோமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஜேசு ஆலயத்தில் ஒரு பீடத்தில் இருக்கிறது. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஓய்ந்த கை ரோமில், உடல் கோவாவில் வெள்ளிக்குள், அந்தக் கை செய்த வேலை வெண்கலத்தில் கண்ணுக்கு நேரே. அடுத்த முறை போகும்போது அந்தத் தகடு எந்தப் பக்கம் என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஓலைக் குடிசையில் செத்தவருக்கு இத்தனை ஆடம்பரமா? அதோடு, கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டவரே அவர்தானே, அதை ஏன் யாரும் எழுதுவதில்லை? - வாசகர், கோயம்புத்தூர்

எழுதலாமே, நான் எழுதுகிறேன். 1546இல் போர்ச்சுகல் ராஜாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் கோவாவுக்கு விசாரணை மன்றம் தேவை என்று கேட்டது உண்மை. கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து விலகினார்கள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த அந்த மன்றம் வந்தது 1560இல், அவர் இறந்து எட்டு வருடம் கழித்து. அது செய்த கொடுமைகளுக்கு அவர் நேரடிப் பொறுப்பில்லை என்று வாதாடலாம், கேட்டார் என்பதை மறைக்க முடியாது. 1812இல்தான் அது ஒரேயடியாக ஒழிந்தது. கோவாவில் இன்றும் இதைப் பற்றிக் கசப்பாகப் பேசுகிறவர்கள் உண்டு, அவர்கள் பேச்சில் நியாயமும் உண்டு. பிரபுவின் பளிங்கு இதைச் சொல்லாது, கல்லறைச் சிற்பம் என்றாலே நல்லதை மட்டும் சொல்வதற்குச் செய்வதுதான்.

ஆடம்பரம் பற்றிக் கேட்டதும் நியாயம்தான். 1552 டிசம்பர் 3, சான்சியான் தீவு. சீனாவுக்குள் போகப் படகு வரும் வரும் என்று காத்திருந்து காய்ச்சலில் விழுந்து செத்தார், வயது 46. பக்கத்தில் இருந்தது அந்தோனி என்கிற சீனக் கிறிஸ்தவர். சீக்கிரம் எலும்பாகட்டும், எடுத்துப்போக வசதி என்று சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். இரண்டரை மாதம் கழித்துத் தோண்டினால் உடல் கெடாமல் இருந்தது என்கிறார்கள், மலாக்கா கொண்டுபோய்ப் புதைத்தார்கள், அங்கேயும் தோண்டி எடுத்து 1554 மார்ச்சில் கோவா கொண்டுவந்தார்கள். குடிசையில் கிடந்தவரை வெண்கலத்தில் வார்த்து, அதற்குச் சுற்றிலும் ஜாஸ்பரில் சட்டம் போட்டிருக்கிறார் ஃபோஜ்ஜினி. சவேரியாரே உயிரோடு வந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

கேள்வி: தாஜ்மகால் கல் பதிப்பு வேலையும் இதுவும் ஒன்றா? கல்லூரியில் இரண்டும் இத்தாலியிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். - மாணவி, திருச்சி

கவனமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. புளோரன்ஸில் மெடிச்சி பிரபுக்கள் 1588இலேயே இதற்கென்று ஒரு பட்டறை வைத்திருந்தார்கள், கடினமான நிறக்கற்களை அறுத்து இடைவெளி தெரியாமல் பொருத்துகிற வேலை. வில் மாதிரி வளைத்த கம்பு, அதில் நாண் மாதிரி மெல்லிய இரும்புக் கம்பி, கல்மேல் ஈரமான உராய்வுத் தூளைப் போட்டுக்கொண்டே கம்பியை மேலும் கீழும் இழுப்பார்கள். கம்பி வெட்டுவதில்லை, தூள்தான் வெட்டுகிறது. ஒரு பூவிதழ் அளவு துண்டுக்கு நாள் கணக்கில் ஆகும். ஃபோஜ்ஜினி பின்னாளில் நடத்தியது இந்தப் பட்டறையைத்தான்.

ஷாஜகான் காலத்து வேலைக்கு இது நேரடி அப்பாவா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் நாட்டில் கல் பதிக்கிற மரபு தனியாகவும் இருந்தது. ஆனால் டில்லி செங்கோட்டையில் அரியணைக்குப் பின்னால் இருக்கிற பதிப்புக் கற்களில் ஒன்றில் யாழ் வாசிக்கிற ஓர்ஃபியஸ் இருக்கிறான், கிரேக்கக் கதை ஆள், அது புளோரன்ஸ் வேலைதான். கோவாவுக்குப் போய் அதே மெல்லிய பூக்கொடியை எதிர்பார்த்தால் ஏமாறுவாய் அம்மா. இங்கே வேலை நிறத்தில் இருக்கிறது, பெரிய பாளமாக ஜாஸ்பர், பக்கத்தில் வெள்ளை, நடுவில் இருண்ட வெண்கலம்.

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் சுவரில் 150 வருடத்துக்கு முந்தைய பளிங்கு நினைவுக் கல் ஒன்று இருக்கிறது. பழுப்பாகிவிட்டது என்று போன திருவிழாவுக்கு யாரோ புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தார்கள், இப்போது மினுமினுப்பே போய்விட்டது. இந்த வருடம் ஆசிட் போடலாம் என்கிறார்கள். என்ன செய்வது? - கோயில் பிள்ளை, தென் மாவட்டம் ஒன்றிலிருந்து

ஐயா, ஆசிட் பாட்டிலை முதலில் ஒளித்து வையுங்கள், மீதியைப் பிறகு பேசலாம்!

பளிங்கு என்பது சுண்ணாம்புக்கல்தான், பூமிக்குள் சூடும் அழுத்தமும் பட்டு இறுகிய சுண்ணாம்பு. புளிப்பு எது பட்டாலும் அரிக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், மோர் எல்லாமே. குத்துவிளக்குக்குப் புளி போடுகிற பழக்கத்தில் கல்லுக்கும் போட்டுவிடுகிறார்கள், பித்தளைக்கு நல்லது கல்லுக்கு எமன். கழிப்பறை ஆசிட்டை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நுரைத்துக்கொண்டு வரும், அழுக்கு போகிறது என்று சந்தோஷப்படுவார்கள், போவது அழுக்கில்லை, கல். எழுத்தின் விளிம்பு மழுங்கிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு சுத்தமான தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துணி, தேவைப்பட்டால் காரமில்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு. ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் கை வையுங்கள், துடைத்ததும் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுங்கள். மெழுகுவர்த்திச் சொட்டு இருந்தால் கத்தி வேண்டாம், மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். கம்பி பிரஷ் கூடாது, பளபளப்புக்கு எண்ணெய் தடவவே கூடாது, கல் எண்ணெயைக் குடித்துவிடும், அந்த மஞ்சள் பிறகு போகாது.

எழுத்துக்களைத் தடவிப் பாருங்கள். கருப்பாக, உலோகம் மாதிரி இருந்தால் அது ஈயம். கல்லில் பள்ளம் தோண்டி, உள்ளே சின்னத் துளை போட்டு, ஈயத்தை அடித்து இறுக்கியிருப்பார்கள். ஒன்றிரண்டு எழுத்து உதிர்ந்திருந்தால் பெயின்ட் அடித்து நிரப்பாதீர்கள், அந்த வெற்றுப் பள்ளத்திலேயே படிக்க முடியும். கல்லின் ஓரத்தில் துருக்கறை இருந்தால் உள்ளே பிடித்து நிறுத்தியிருக்கிற இரும்புக் கொக்கி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம், அது அவசரம். துரு ஊதிப் பெருத்தால் கல்லையே பிளந்துவிடும். அதற்கு மட்டும் பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும், டைல்ஸ் போடுகிறவரை இல்லை.

புளி தேய்த்தவரைத் திட்டாதீர்கள், திருவிழாவுக்கு நன்றாக இருக்கட்டும் என்றுதான் செய்திருப்பார்.

கேள்வி: அந்தக் கோயில் வெளியே ஏன் பூச்சே இல்லாமல் செங்கல் தெரிகிற மாதிரி இருக்கிறது? காசு இல்லையா? - வாசகர், சென்னை

செங்கல் இல்லை, செம்புரைக்கல், அதாவது லேட்டரைட். 1594இல் தொடங்கி 1605இல் அபிஷேகமான கோயில், அப்போதெல்லாம் மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. 1950களில் ஒரு சீரமைப்பில் "பழமையாகத் தெரியட்டும்" என்று பூச்சை உரித்துவிட்டார்கள். இந்தக் கல் பஞ்சு மாதிரி, கோவா மழையில் ஊறுகிறது. இப்போது திரும்பப் பூச வேண்டும் என்று ஒரு கட்சி, இந்தச் சிவப்பு முகம்தான் உலகத்துக்கே தெரியும், தொடாதே என்று ஒரு கட்சி. என் ஓட்டு பூச்சுக்கு. போஸ்ட்கார்டில் அழகாக இருப்பதற்காகச் சுவரை நனையவிட முடியாது.

கேள்வி: அடுத்து உடலைக் கீழே இறக்கிப் பார்வைக்கு வைப்பது எப்போது? - வாசகி, நாகர்கோவில்

கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை எதிரே இருக்கிற சே கதீட்ரலில் வைத்தார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை என்கிற வழக்கப்படி பார்த்தால் அடுத்தது 2034 வாக்கில். அந்தக் கூட்டத்தில் கல்லைப் பார்க்க முடியாது, சொல்லிவிட்டேன். டிசம்பர் 3 திருவிழாவுக்கு உங்கள் கோட்டாற்றிலேயே பத்து நாள் கொண்டாடுகிறார்கள், மாவட்டத்துக்கே விடுமுறை. அதை விட்டுவிட்டுக் கோவா போகாதீர்கள், வேறு மாதத்தில் போங்கள்.

கேள்வி: ராம்போனி பத்திரமாக ஊருக்குத் திரும்பினாரா? - எட்டாம் வகுப்பு மாணவன், பாளையங்கோட்டை

திரும்பினார் தம்பி. பயணத்தில் பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பாக எழுதியும் வைத்தார், அது இன்றும் இருக்கிறது. கல்லைக் கொண்டுவந்த வேலையாள் எழுதி வைத்த நோட்டு. அவர் கொண்டுவந்து நிறுத்திய வீட்டுக்குச் சொந்தக்காரர்களான சேசு சபையாரைப் போர்ச்சுகல் அரசு 1759இல் விரட்டிவிட்டது, வியாதிக்குப் பயந்து ஊரே காலி செய்துகொண்டு பனாஜி பக்கம் போய்விட்டது. கல்லைப் பிரித்துக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பூட்டத் தெரிந்த ஆள் புளோரன்ஸில் அல்லவா இருந்தார்!